ஓகமுரா ஹாஜிமேயும் தானே செறியும் கான்கிரீட்டும்

தெம்பனிஸ் மேற்பார்வையாளர்:
வணக்கம். கட்டுமானத் தளத்தில் பணிபுரிந்துகொண்டே பகுதிநேரமாகப் படித்து வருகிறேன். கம்பி நெருக்கமாகக் கட்டிய சுவருக்கு வைப்ரேட்டர் (அதிரவைத்துச் செறியவைக்கும் கருவி) இல்லாமலே கான்கிரீட் ஊற்றியதை அண்மையில்தான் கண்டேன். இந்தத் தானே செறியும் கான்கிரீட்டை முதலில் முன்மொழிந்தவர் ஜப்பானியப் பேராசிரியர் ஓகமுரா என்று பாடக்குறிப்பில் ஒரு வரி மட்டுமே உள்ளது. அவர் இதில் இறங்கியது எதற்காக?

பழைய கட்டமைப்புப் பொறியாளர்:
தம்பி, 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் கான்கிரீட் கட்டடங்கள் நீடித்து நிற்குமா என்ற கவலை வலுத்தது. கான்கிரீட்டை மூலைமுடுக்கெல்லாம் செறியவைக்கத் தேர்ந்த தொழிலாளர் வேண்டும். அவர்களோ குறைந்துகொண்டே வந்தார்கள். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஓகமுரா, கைத்திறனை நம்பியிராமல், தன் எடையாலேயே பரவிச் செறியும் கான்கிரீட்டே தீர்வு என்று 1986இல் முன்மொழிந்தார். நீருக்கடியில் ஊற்றும் கான்கிரீட் ஏற்கெனவே இருந்ததால் வேலை எளிதில் முடியும் என்றே முதலில் எண்ணினார். ஆனால் அதன் பிசுபிசுப்பில் சிக்கிய காற்றுக்குமிழிகள் வெளியேறவில்லை; கம்பிகளுக்கிடையிலும் அது சரியாக நிரம்பவில்லை.

கம்பியருகே சரளைக்கற்கள் ஒன்றோடொன்று முட்டி வழியை அடைத்துக்கொள்வதுதான் சிக்கலின் வேர். எனவே சரளையை, இறுகக் குவித்தால் அந்த இடம் கொள்ளும் அளவில் 50 விழுக்காட்டோடும், மணலைச் சாந்தின் கன அளவில் 40 விழுக்காட்டோடும் நிறுத்தினார்கள். ஓட்டத்துக்கு நீரைக் கூட்டாமல் சூப்பர்பிளாஸ்டிசைசர் என்ற, கலவையை இளக்கும் வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். நீரைக் கூட்டியிருந்தால் கல் தனியாகப் பிரிந்திருக்கும். அதே பல்கலைக்கழக ஆய்வாளர் ஒசாவா கசுமாசாவின் உழைப்பில் முதல் மாதிரி 1988இல் உருப்பெற்றது.

ஜூரோங் வாசகர்:
ஜப்பானில் 1998இல் திறக்கப்பட்ட அகாஷி கைக்கியோ தொங்குபாலத்தின் கம்பிவடங்களை இழுத்துப் பிடிக்கும் நங்கூரக் கட்டுமானங்களில் இதைப் பயன்படுத்தினார்கள். தளத்தருகே கலந்து, 200 மீட்டர் தொலைவுக்குக் குழாயில் அனுப்பினார்கள். இரண்டரை ஆண்டுப் பணி இரண்டாண்டில் முடிந்தது. ஒசாகா எரிவாயு நிறுவனத்தின் தொட்டிச் சுவரிலோ 150 பேர் செய்யவேண்டிய வேலைக்கு 50 பேர் போதுமாயிற்று. ஓகமுரா பின்னாளில் கோச்சி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தார்.

கலவை ஆலை ஊழியர்:
ஆள் குறைந்தது உண்மைதான், ஆனால் திறன் தேவையில்லாமல் போய்விடவில்லை. அது எங்கள் ஆலைக்கு இடம் மாறியது, அவ்வளவே. நம் ஊர் மழையில் நனைந்த மணலின் ஈரத்தைச் சரியாகக் கணக்கிடாவிட்டால், சோதனைக்காகக் கான்கிரீட் நிரப்பிய கூம்பைத் தூக்கியதும் தட்டில் பரவும் கான்கிரீட்டின் ஓரத்தில் நீர் தனியே வழிவதைக் காணலாம். அத்தகைய லாரியைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். அச்சுப் பலகையின் இடுக்குகளையும் முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். இந்தக் கான்கிரீட் சிறு சந்து கிடைத்தாலும் வெளியேறிவிடும், பலகையின் மீது அழுத்தமும் அதிகம்.