71046-இல் நாம் எண்ணுவது எதை? ‘வியூ’வுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

மார்பு எக்ஸ்ரே பில்லிங்கில் வரும் ‘வியூ’ (view) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘பார்வை’ போதும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுக்க இந்த பில்லிங் கோடுகளோடு (code, அதாவது ஒவ்வொரு பரிசோதனைக்கும் பில்லில் போடும் எண்) உட்கார்ந்திருப்பவன் நான். எனக்கு அது சரிப்படவில்லை.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சிபிடி (CPT) என்ற மருத்துவச் சேவைக் கோடுகளின் பட்டியலில் 2018 முதல் மார்பு எக்ஸ்ரேக்கு நான்கே கோடுகள்: ஒரு வியூ என்றால் 71045, இரண்டு 71046, மூன்று 71047, நான்கும் அதற்கு மேலும் 71048. எண்ணிக்கைதான் கோடைத் தீர்மானிக்கிறது. அப்படியானால் எதை எண்ணுகிறோம் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். ‘பார்வை’ என்றதும் ரேடியாலஜிஸ்ட் படத்தைப் பார்ப்பதுதான் நினைவுக்கு வரும். அவர் பார்த்து அறிக்கை எழுதும் வேலையை மட்டும் பில் செய்ய 26 என்ற மாடிஃபையர் (கோடோடு சேர்த்து எழுதும் துணை எண்) தனியாக இருக்கிறது. இரண்டு டாக்டர்கள் பார்த்தால் இரண்டு பார்வையா என்று புதிதாகச் சேர்ந்தவர் கேட்டால் அது அவர் தவறில்லை.

அடுத்த யோசனையான ‘எடுப்பு’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் நோயாளி அசைந்து படம் கலங்கிப்போய், டெக்னீஷியன் அதே பக்கவாட்டுப் படத்தைத் திரும்ப எடுக்கிறார் என்று வையுங்கள். எடுத்தது மூன்று முறை. வியூ இரண்டுதான், கோடு அதே 71046.

‘கோணம்’ கிட்டத்தட்டப் பொருந்துகிறது. முதுகுப்புறமிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சரி. அப்புறம் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று அறிய, நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து எடுப்பார்கள். அங்கேயும் கதிர் மார்பை முன்பின்னாகத்தான் கடக்கிறது. மாறியது உடம்பு கிடக்கும் விதம். முன்பு இதற்கு 71035 என்று தனிக் கோடு இருந்தது. 2018-இல் அதை நீக்கிவிட்டதால் இதுவும் ஒரு வியூவாக எண்ணிக்கையில் சேர்கிறது.

ஆகவே நான் முன்வைப்பது ‘படநிலை’. கதிர் வரும் திசையும் உடம்பு இருக்கும் விதமும் சேர்ந்ததுதான் ஒரு படநிலை. “நின்றபடி இரண்டு படநிலை, இடப்பக்கம் ஒருக்களித்து ஒன்று: 71047” என்று எழுதிப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் வருகிறது. வெறும் ‘நிலை’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். புற்றுநோய் அறிக்கையில் அது நோய் முற்றிய அளவைக் குறிக்கும்.

‘ப்ரொஜெக்‌ஷன்’ வேறு. அது கதிர் உடம்பைக் கடக்கும் திசையை மட்டும் குறிக்கும். அதற்குக் ‘கதிர்த்திசை’ என்று வைத்துக்கொள்ளலாமா?