முதல் கயாக்: அகலமானதா, நீளமானதா?

நண்பர்களுக்கு வணக்கம். முட்டுக்காடு உப்பங்கழியில் துடுப்புப் போடுவதற்காக முதன்முதலாகச் சொந்தக் கயாக் (துடுப்பால் செலுத்தும் குறுகலான சிறு படகு) வாங்கப் போகிறேன். வேகம் முக்கியமல்ல, எளிதில் கவிழக் கூடாது.

மேலே அமரும் வகைதான் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். உள்ளே நீர் தேங்காது, துளைகள் வழியே வடிந்துவிடும். தண்ணீரில் விழுந்தாலும் திரும்ப ஏறிக்கொள்ளலாம். குழப்பமெல்லாம் அகலத்தில்தான். 80 செ.மீ. அகலமும் தட்டையான அடிப்பாகமும் கொண்ட 10 அடிக் கயாக், ஏறும்போது பலகை போல அசையாமல் நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் அதன் முனை இடமும் வலமுமாகத் திரும்புகிறது. 72 செ.மீ. அகலமுள்ள 12 அடிக் கயாக் நேராகப் போகிறது, உட்காரும்போதே ஆடுகிறது.

பிற்பகலில் கடற்காற்று எழும்போது இவற்றில் எது பாதுகாப்பானது? பின்பக்க அடியில் ஸ்கெக் என்ற சிறிய செங்குத்துத் தகட்டைப் பொருத்தினால் குட்டைக் கயாக் நேராகப் போகுமா? என் எடை 85 கிலோ. 120 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பது போதுமா?

காற்றடைக்கும் கயாக் வைத்திருப்பவர்கள், சிப்பி ஓடுகள் பட்டு அது கிழிகிறதா என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள். மாத இறுதிக்குள் வாங்க வேண்டும்.