காலம் காட்டாத வினைமுற்று கிடைக்குமா?

வணக்கம். மும்பை மாட்டுங்காவில் வசிக்கும் நான், ஜனவரியிலிருந்து ஓர் அறிவியல் புனைகதை எழுதி வருகிறேன். நேற்று, இன்று, நாளை மூன்றையும் ஒரே பார்வையில் காணும் வேற்றுக்கிரகவாசி அதில் தமிழ் பேச வேண்டும். அதன் வாக்கியம் எதிலும் காலம் தெரியக்கூடாது. ஒன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

முதலில் வினைத்தொகையை நம்பினேன். 'ஊறுகாய்' என்ற சொல்லில் ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என மூன்று காலமும் மறைந்திருப்பதைப் போல, 'இறங்குகலம், எரிகடல்' என்று அதைப் பேசவைத்தேன். படித்துப் பார்த்த தங்கை, இது என்ன விடுகதையா என்று கேட்டாள். 'உண்டு', 'இல்லை' இரண்டும் காலம் காட்டுவதில்லை என்றாலும், அவற்றால் நிலையைச் சொல்ல முடிகிறதே தவிர நிகழ்ச்சியைச் சொல்ல முடியவில்லை. 'மலை நிற்கும்', 'தீ சுடும்' என்பவை முக்காலத்துக்கும் பொது என்று தொல்காப்பிய உரைகள் கூறும் துணிவில் 'கலம் இறங்கும்' என்று எழுதினேன். இறங்குவது ஒரே ஒருமுறை என்பதால், படித்த நால்வரும் அதை எதிர்காலமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஒருமுறை மட்டும் நடந்த செயலை ('நடந்த' என்னும்போதே காலம் நுழைந்துவிடுகிறது, பாருங்கள்) காலம் காட்டாமல், ஆனால் இயல்பான பேச்சாக ஒலிக்கும்படி சொல்லத் தமிழில் வேறு என்ன வடிவம் இருக்கிறது?