எகிப்தியப் படவெழுத்து: வாய்விட்டுப் படிக்காத குறிக்கு (ஆங்கிலத்தில் determinative) தமிழில் என்ன சொல்?

> ‘தீர்மானக் குறி’ போதாதா? சொல்லின் பொருளைத் தீர்மானிக்கிறதுதானே.

வணக்கம் ஐயா. தீர்மானம் என்றதும் சட்டமன்றம்தான் நினைவுக்கு வருகிறது. அதை விட்டாலும், இந்தக் குறி பொருளை முடிவு செய்வதில்லை. சொல் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று மட்டும் காட்டுகிறது. எகிப்தியர் உயிரொலிகளை எழுதவில்லை. அதனால் ம்-ர் என்று எழுதினால் பல சொற்களுக்குப் பொருந்தும். பின்னால் வாயருகே கை வைத்த ஆள் இருந்தால் ‘நேசி’, சிட்டுக்குருவி இருந்தால் ‘நோயுற்ற’, பிரமிடு இருந்தால் பிரமிடேதான். குருவியையோ ஆளையோ யாரும் உச்சரிப்பதில்லை.

என் பரிந்துரை இனங்காட்டி. திசைகாட்டி, நாட்காட்டி வரிசையில் இயல்பாக உட்காரும்.

---

> ‘இறுதிக்குறி’ இன்னும் எளிது. சொல்லின் கடைசியில்தானே வருகிறது? இல்லையென்றால் ‘பொருட்குறி’. நம்மிடமே ௳ (நாள்), ௴ (மாதம்), ௵ (ஆண்டு) இருக்கின்றனவே.

இறுதியில் நிற்கும் என்று சொல்ல முடியாது. ‘அவன் வெளியே போகிறான்’ என்பதை இப்படி எழுதுவார்கள்: வீடு, வாய், நடக்கும் இரண்டு கால்கள், கொம்பு விரியன். வீடு ப்-ர் என்ற ஒலிக்கு. வாய் அந்த ர்-ஐ உறுதிப்படுத்த மட்டும், இரண்டு முறை படிக்கக் கூடாது. கால்கள் இனங்காட்டி. விரியன் ‘அவன்’ என்ற ஒட்டு, அது கால்களுக்குப் பிறகுதான் வரும். புதிதாகப் படிப்பவர் இதை ‘வீட்டு வாயில் நடக்கும் பாம்பு’ என்று ‘விளக்கி’ விடுவார்! படவெழுத்துக்கு விளக்க நூல் எழுதிய பழங்கால ஆசிரியர் ஹோரபோல்லோ செய்ததும் ஏறக்குறைய இதுதான். முயல் எப்போதும் கண்ணைத் திறந்தே வைத்திருக்குமாம், அதனால் முயல் படம் ‘திற’ என்பதைக் குறிக்குமாம். உண்மையில் முயலின் ஒலி வ்-ன். ‘திற’ என்ற சொல்லின் ஒலியும் அதே. 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் ஒலிக்குறிகளை நிறுவிய பிறகுதான் இந்த மாதிரி உட்பொருள் தேடல் ஓய்ந்தது. ‘பொருட்குறி’ என்று வைத்தால் அதே வாசலைத் திரும்பத் திறந்துவிடுவோம்.

௳-ஐப் பார்த்ததும் ‘நாள்’ என்று வாய்விட்டுப் படிக்கிறோம். ஆகவே அது சொற்குறி, இனங்காட்டிக்கு எடுத்துக்காட்டாகாது.

---

> சரி, ‘இனங்காட்டி’யே இருக்கட்டும். எகிப்தியல் அறிஞர் கார்டினர் வகுத்த படவெழுத்துக் குறிப் பட்டியலில் எந்தெந்தக் குறிகள் இனங்காட்டி என்று தனியே பிரித்துவிடலாமா?

வேண்டாம் ஐயா, அங்கேதான் சிக்கல். கார்டினரின் ஏ, பி, சி முதலான எழுத்துப் பிரிவுகள் உருவத்தை வைத்தவை: ஆண், பெண், பறவை, கட்டடம் என்று. யூனிகோடு 2009-இல் 1,071 குறிகளைச் சேர்த்ததும் உருவத்துக்குத்தான். அதே வீட்டுப் படம், கீழே ஒற்றைக் கோட்டோடு நின்றால் ‘வீடு’ என்ற சொற்குறி. ‘வெளியே போ’ என்பதில் ஒலிக்குறி. ஓர் அறையின் பெயருக்குப் பின்னால் நின்றால் இனங்காட்டி. மூன்றுக்கும் குறியெண் ஒன்றே. இந்தச் சொல் வேலைக்குப் பெயர், குறிக்கு அல்ல. ‘வீட்டு இனங்காட்டி’ என்று எழுதாமல் ‘வீடு, இனங்காட்டியாக’ என்று எழுதுவது நல்லது.

பட்டியலில் இன்னொரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். ஜி36 தகைவிலான், வ்-ர் என்ற ஒலியோடு ‘பெரிய’. ஜி37 சிட்டுக்குருவி, இனங்காட்டியாக வந்தால் ‘சிறிய’, ‘கெட்ட’. கல்வெட்டில் இரண்டையும் பிரிப்பது வால் மட்டுமே: தகைவிலானுக்குப் பிளவுபட்டது, குருவிக்கு உருண்டது. கல் சிதைந்திருந்தால் பறவையை உற்றுப் பார்த்துப் பயனில்லை. முன்னால் உள்ள ஒலிக்குறிகளைப் படித்து எது பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்தச் சொல்லுக்கான பதிவு இப்படி இருக்கலாம்: *இனங்காட்டி: சொல்லின் ஒலிக்குறிகளுக்குப் பின், ஒட்டுகளுக்கு முன் வந்து, உச்சரிக்கப்படாமல் சொல்லின் பொருள் இனத்தைக் காட்டும் குறி. ஒரு சொல்லில் ஒன்றுக்கு மேலும் வரலாம்.*