பவளப்பாறையில் ஒளிந்து வாழும் முதுகெலும்பிலிகள்: பெல்ட் டிரான்செக்ட் போதுமா?

கேள்வி: கயிறுபோட்டவர்

பவளத்தின் நிலைக்கும் முதுகெலும்பிலிகளின் பன்மைக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்பதுதான் ஆய்வு. 4 மீட்டர், 9 மீட்டர் ஆழங்களில் 100 மீட்டர் கயிறு போட்டு, 20 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள நான்கு துண்டுகளில், நடுவே 5 மீட்டர் இடைவெளி விட்டு எண்ணுகிறோம்; இதுதான் எங்கள் பெல்ட் டிரான்செக்ட். எல்லாம் பகலில். பட்டியலில் வருவது கடல் முள்ளெலி, கடல் அட்டை, ராட்சதச் சிப்பி, சில நட்சத்திர மீன்கள், அத்தோடு சரி. 20 இனம்கூடத் தேறவில்லை. இதை வைத்துக்கொண்டு 'பன்மை' என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்கிறார் மதிப்பீட்டாளர்.

இரண்டு கேள்விகள். மீதமிருக்கும் 18 மாதத்தில் இறந்த பவளத் தலைகளை எடுப்பதா, உயிர்கள் வந்து குடியேறக் கடலடியில் வைக்கும் ஆர்ம்ஸ் தகட்டு அடுக்குகளை வைப்பதா? அடுத்து, ஆல்கஹாலில் போட்டதுமே புழுக்கள் சுருண்டுவிடுகின்றன, நொறுங்கு நட்சத்திரங்கள் கைகளை உதிர்த்துவிடுகின்றன. இதைத் தடுப்பது எப்படி?

பதில் 1: நீரடிக்கணக்கு

மதிப்பீட்டாளர் சொன்னது சரி. ஆனால் அதற்காகக் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெல்ட் டிரான்செக்ட் பன்மையை அளக்கும் கருவி அல்ல; சூழலில் பெரிய வேலை செய்யும் சில இனங்களின் அடர்த்தியை அளக்கும் கருவி. 1983-84-இல் கரீபியனில் நீள்முள் கடல் முள்ளெலிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் செத்து, மேய ஆளில்லாமல் பாறைகளைப் பாசி மூடியதே, அந்த மாற்றத்தைப் பிடிக்க இந்த எண்ணிக்கைதான் வேண்டும். எந்த டி.என்.ஏ. முறையும் அதைத் தராது.

பகலில் மட்டும் எண்ணுவது பெரிய ஓட்டை. நீள்முள் முள்ளெலிகள் பகலில் பொந்துக்குள் இருக்கும். கடல் அட்டைகளிலும் பல இனங்கள் இருட்டிய பிறகே வெளியே வரும். அதே கயிற்றில், சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு சுற்று எண்ணுங்கள். பகல், இரவு எண்களைக் கூட்டிவிடாமல் தனித்தனியே வையுங்கள்.

இன்னொன்று: ஒரே கயிற்றின் நான்கு துண்டுகளை நான்கு தனி மாதிரிகளாகக் கணக்கிட்டிருந்தால் அதைத் திருத்துங்கள். அவை அக்கம்பக்கத்தில் கிடப்பவை. புள்ளியியல் மாடலில் கயிற்றை ராண்டம் காரணியாகச் சேர்க்காவிட்டால், இல்லாத வேறுபாடு இருப்பதாகக் காட்டும்.

பதில் 2: சல்லடை106

18 மாதம்தான் என்றால் ஆர்ம்ஸ் வேண்டாம் என்பதே என் கருத்து. 22.5 செ.மீ. சதுர பி.வி.சி. தகடுகள் ஒன்பதை அடுக்கி, திறந்த அறையும் தடுப்பிட்ட அறையும் மாறி மாறி வரும்படி அடித்தட்டில் பொருத்துவது அது. ஓர் இடத்துக்கு மூன்று வைப்பது வழக்கம். ஓராண்டுக்குள் எடுத்தால் முந்திவந்து குடியேறும் உயிர்கள்தான் கிடைக்கும். இரண்டு, மூன்று ஆண்டு விடுவது நல்லது. எடுத்த பிறகு ஒவ்வொரு தகட்டையும் இருபுறமும் படமெடுத்து, துலக்கி, 2 மி.மீ., 500 மைக்ரான், 106 மைக்ரான் சல்லடைகளில் பிரித்து, ஒட்டியிருப்பதைச் சுரண்டி அரைத்து... எழுதுவதற்குள்ளேயே களைப்பு வருகிறது. தளங்களுக்கிடையே ஒப்பிட இதைவிடத் தரப்படுத்திய முறை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அது காட்டுவது தகட்டின் சமூகம், பாறையின் சமூகம் அல்ல.

இறந்த பவளத் தலை உங்களுக்குப் பொருந்தும். எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ஓர் அளவு: 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், பல கடல்களிலிருந்து எடுத்த மாதிரிகளின் மொத்தப் பரப்பு 6.3 சதுர மீட்டர்தான், அதிலேயே டி.என்.ஏ. பட்டைக்குறி (சிறு மரபணுத் துண்டை வைத்து இனம் பிரிப்பது) வழியே 525 ஓட்டுடலி (நண்டு, இறால் வகை) இனங்கள் பிரிந்தன. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஒரு முறை கிடைத்தவை.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது எடுக்கும் விதத்தில். உளியை வைத்த பிறகு பையைத் தேடினால் இறாலும் நண்டும் போய்விட்டிருக்கும். நுண்கண்ணி வலைப்பையை முதலில் தலையின்மேல் கவிழ்த்து, அடியைச் சுற்றி இறுக்கி, அதன்பின் அடிக்காம்பை உடைக்க வேண்டும். தண்ணீருக்கு அடியிலேயே வாயைக் கட்டி, வாளியில் இறக்கி, வாளியோடு மேலே கொண்டுவாருங்கள். பையை வெறுமனே தூக்கினால் வடியும் நீரோடு சிறியவை போய்விடும். உயிர்களைப் பிரித்தெடுத்த பிறகு எலும்புக்கூட்டை நீர் நிறைந்த வாளியில் அமிழ்த்தி, வழியும் நீரை அளந்தால் கன அளவு கிடைக்கும். அது இல்லாமல் ஒரு தலையை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

எல்லாத் தலைகளும் ஒரே பேரினமாக, செத்து ஏறக்குறைய ஒரே காலம் ஆனவையாக இருக்கட்டும். கிளைகள் தெளிவாக நிற்கும் தலையும், பவளப்பாசி பூசி இடுக்குகள் அடைந்த தலையும் வேறு வேறு வீடுகள். பாதி உயிரோடு இருப்பதைத் தொடாதீர்கள். உயிருள்ள போசிலோபோரா என்ற கிளைப்பவளத்தில் டிரபீசியா நண்டுகள் குடியிருந்து, முட்கிரீட நட்சத்திர மீனைக் கிள்ளி விரட்டும். அந்தச் சமூகத்தின் கணக்கே தனி. அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். கல்பவளங்கள் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் உள்ளவை. செத்த பவளம்தானே என்று எல்லை தாண்டி அனுப்பினால் சிக்கல்.

பதில் 3: நீரடிக்கணக்கு

மேலே சொன்னதோடு ஒன்று. 'ஒரே முறை கிடைத்தவை' இத்தனை இருந்தால் இன எண்ணிக்கையை நேரடியாக ஒப்பிடக் கூடாது. தலைக்குத் தலை உயிர்களின் எண்ணிக்கை மாறும், அதோடு இன எண்ணிக்கையும் ஏறும். ரேர்ஃபாக்ஷன் என்ற கணக்கு போட்டு, சமமான தனியுயிர் எண்ணிக்கையில் ஒப்பிடுங்கள். மெட்டாபார்கோடிங் (எல்லா உயிர்களின் டி.என்.ஏ.வையும் ஒன்றாகப் படித்து இனம் பிரிப்பது) செய்தால், ரீட் (கருவி படித்த டி.என்.ஏ. துண்டு) எண்ணிக்கையை அடர்த்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டைக்குறிக்கு வழக்கமாக எடுக்கும் சி.ஓ.ஐ. மரபணு ஓட்டுடலிகளை நன்றாகப் பிரிக்கும். பவளம், கடல் சாமந்தி போன்றவற்றில் அது மிக மெதுவாக மாறுவதால் நெருங்கிய இனங்கள் ஒன்றாகவே தெரியும்.

பதில் 4: குப்பியும்சீட்டும்

இரண்டாவது கேள்விக்கு. உயிரோடு ஆல்கஹாலில் போட்டால் சுருளத்தான் செய்யும். முதலில் மயக்க வேண்டும்.

மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 75 கிராம், ஒரு லிட்டர் நன்னீரில். உவர்ப்பழுத்தம் கடல்நீருக்கு நெருக்கமாக இருக்கும். விலங்கு இருக்கும் கடல்நீரில் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பாதிக்குப் பாதி கொண்டுவாருங்கள். மொத்தமாக ஊற்றினால் அதிர்ந்து சுருங்கும். கடல் அட்டை குடலையே கக்கிவிடும். ஊசியால் தொட்டால் அசைவில்லை என்றான பிறகுதான் அடுத்த படி. சின்னப் புழுவுக்கு அரை மணி போதும், பெரிய கடல் அட்டைக்குப் பல மணி நேரம் ஆகலாம். நண்டு, இறாலுக்கு இது சரிவராது. அவற்றைக் கடல்நீரோடு மெல்லக் குளிர்வியுங்கள், கால் உதிராது.

மயங்கியதும் படம். நிறம் ஆல்கஹாலில் நிற்காது. கடல் தட்டைப்புழு போன்றவற்றில் அந்த நிறம்தான் பாதி அடையாளம். பிறகு திசுத்துண்டு: நண்டுக்கு ஒரு கால், நத்தைக்குப் பாதத்தின் ஓரம், அட்டைக்குச் சில குழாய்க்கால்கள். 95 விழுக்காடு எத்தனாலில், திசுவைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு அளவில். மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள். திசுவிலிருந்து கசியும் நீர் அதை நீர்த்துப்போகச் செய்யும், டி.என்.ஏ. கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

உருவ ஆய்வுக்கு ஃபார்மலின் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு கடல்நீர், போராக்ஸ் கலந்து. நாளாக நாளாக அமிலமாகி முள்தோலிகளின் (கடல் அட்டை, நட்சத்திர மீன் வகை) சுண்ணாம்புத் துணுக்குகளைக் கரைக்கும், ஆகவே சில நாளில் 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்றிவிடுங்கள்.

சீட்டு குப்பிக்கு உள்ளே, பென்சிலில். பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்துபோகும்.

கயிறுபோட்டவர்:

நன்றி. கடல் அட்டையை இனம் பிரிக்கத் தோலுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்கிறார்கள். நான் செய்தால் கண்ணாடித் தகடு முழுக்க ஏதோ படிகம்தான் தெரிகிறது.

குப்பியும்சீட்டும்:

அது உப்பு. முதுகுத் தோலில் மிளகளவு வெட்டி, தகட்டில் வைத்து, வீட்டுக்கு வாங்கும் ப்ளீச் இரண்டு சொட்டு விடுங்கள். தசை கரைந்து துணுக்குகள் அடியில் படியும். காய விடாமல், மேலே நிற்கும் திரவத்தை வடிதாள் முனையால் உறிஞ்சி, காய்ச்சி வடித்த நீர் விட்டு மறுபடி உறிஞ்சுங்கள். நாலைந்து முறை. குழாய் நீர் வேண்டாம். வயிற்றுப்புறத் தோல், குழாய்க்கால், உணர்கொம்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தகடு போடுங்கள்; ஒரே விலங்கிலேயே துணுக்கின் வடிவம் இடத்துக்கு இடம் மாறும்.