டூரிங் வண்டி எடுத்தா போடிமெட்டு ஏறுற சுகம் போயிடுமா?

கம்பம்_வடக்கு

இப்ப இருக்கிறது 200 சிசி நேக்கட் (பக்கமும் முன்னாடியும் உறை மூடாத) வண்டி. ரெண்டு பக்கமும் 17 இஞ்ச் சக்கரம், நினைச்ச பக்கம் திரும்பும். ஆனா மாசம் ரெண்டு தடவை குமுளி, குட்டிக்கானம், முண்டக்கயம் வழியா கோட்டயம் போக வேண்டியிருக்கு. பின்னாடி சம்சாரம், கூட ரெண்டு பை. பின் சீட்டு வெறும் பலகை.

பார்த்து வச்சிருக்கிறது ரெண்டு: ஒரு பழைய ஹிமாலயன் 411, இல்லைன்னா புது வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் 250. கேட்ட ஆளெல்லாம் "அது பொதி சுமக்கும், துள்ளாது"ங்கறாங்க. ஞாயித்துக்கிழமை தனியா போடிமெட்டு ஏறி பூப்பாறை வரைக்கும் போய் வர்றதுதான் எனக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு. அது சலிச்சுப் போயிடுமா? மைலேஜ், விலை வேண்டாம், ஓட்டுற விதத்தை மட்டும் சொல்லுங்க.

மெட்டுக்காரன்

போடியில இருந்து மெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி. அதுல எந்த வண்டியா இருந்தாலும் 20, 25 வேகத்துலதான் வளைவை விட்டு வெளிய வருவீங்க. அடுத்த வளைவு வர்றதுக்குள்ள 9000 ஆர்பிஎம்மைத் (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுத்துற கணக்கு) தொட்டுப் பார்க்க ரோடு கிடைக்காது. அதனால உச்ச பவரை விட்டுட்டு, 4000 சொச்சத்துல வண்டி என்ன இழுக்குதுன்னு பாருங்க.

கணக்கு சுலபம். டார்க்கை (எஞ்சினோட சுழற்று விசை, நியூட்டன் மீட்டர்ல) ஆர்பிஎம்மால பெருக்கி 9549 ஆல வகுத்தா கிலோவாட். ஹிமாலயன் 411க்கு 32 நியூட்டன் மீட்டர், 4000 முதல் 4500க்குள்ள. 4250ல போட்டா 14.2 கிலோவாட், அதாவது 19 குதிரைத்திறன். மொத்தமே 24.3தான், அதுல 19 நடு ஆர்பிஎம்லயே கைக்கு வந்துடுது. வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ்ல 22.2 நியூட்டன் மீட்டர், அதுவும் 7300ல. அந்த 22.2ஐ 4250லயே முழுசா குடுத்துடுதுன்னு தாராளமா வச்சுக்கிட்டாலும் 13 குதிரைத்திறன் சொச்சம்தான். அதோட முழு 26.5 பிஎஸ் 9300லதான் கிடைக்கும்.

உடனே ஹிமாலயன்தான்னு முடிவு கட்டிடாதீங்க. அது 199 கிலோ, இது 167. நடுவுல 32 கிலோ, ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பமும் மேல ஏழு கிலோவும். வளைவுக்கு முன்னாடி அந்தச் சிப்பத்தையும் சேர்த்துத்தான் பிரேக் பிடிச்சு நிறுத்தணும், சாய்க்கணும், நிமிர்த்தணும்.

ஆக ரெண்டுலயும் சுகம் வேற வேற. ஹிமாலயனை ரெண்டாவது கியர்ல போட்டுட்டு, ஒரு தம் இழுத்து விட்ட மாதிரி ஏறிக்கிட்டே இருக்கலாம். வி-ஸ்ட்ரோம்ல கால் சும்மா இருக்காது, கியரை மாத்திக்கிட்டே 6000க்கு மேல வச்சிருக்கணும். நேக்கட் ஓட்டிப் பழகினவருக்கு வி-ஸ்ட்ரோம்தான் பழகின ருசி. இன்னொன்னு, உயரம் ஏற ஏற ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் பவர் குறையும். எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) இருந்தா பெட்ரோல்-காத்துக் கலவையைச் சரி பண்ணும், இல்லாத காத்தைக் கொண்டுவராது.

ஏலக்காடு

யாரும் நேரா சொல்ல மாட்டேங்கறாங்க, நான் சொல்றேன். குறையும். ஹிமாலயனுக்கு 21 இஞ்ச் முன் சக்கரம், கிட்டத்தட்ட 200 கிலோ எடை. இடது வலதுன்னு அடுத்தடுத்து வர்ற எஸ் வளைவுல உங்க 17 இஞ்ச் வண்டி மாதிரி படக்குன்னு புரளாது. ஹேண்டில் அகலமா இருக்கிறதால கைக்குச் சிரமம் தெரியாது, ஆனா நேரம் எடுக்கும். வி-ஸ்ட்ரோம்ல முன்னாடி 19, அது நடுவாந்திரம்.

ஆனா மெட்டு தாண்டி பூப்பாறை பக்கம் சாலை ஓரம் பிஞ்சு கிடக்கிற இடத்துல, மழைக்கால மண் சரிவுக்கு அப்புறம், உங்க நேக்கட் வண்டி எழுந்து நின்னு ஆடும். இது ரெண்டும் கேட்காம போகும். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்.

சத்தம் வந்தா சுகம் வரும்னு சைலன்சர் மட்டும் மாத்திடாதீங்க. குமுளி தாண்டினதும் கேரளா எம்விடி (மோட்டார் வாகனத் துறை) எழுதுற அபராதத்துல நல்ல டயர் ஒன்னு வாங்கலாம். ரெண்டு பேருக்கும் ஹெல்மெட், அதையும் கேமரா பார்க்கும்.

ஸ்பேனர்_தேனி

"டூரிங் வண்டி மந்தமா திரும்புது"ன்னு கொண்டுவர்ற வண்டியில பாதிக்கு மேல வண்டியில கோளாறே கிடையாது, பின் ஷாக் உக்காந்து போயிருக்கும். ரெண்டு ஆளும் பையும் ஏறினதும் பின்பக்கம் தாழும், முன்பக்கம் தூக்கும். ஃபோர்க்கோட சாய்வு கூடிப் போகுது, முன் டயர் மேல பாரம் குறையுது. அப்புறம் வளைவுல திருப்பினாலும் வண்டி வெளிப்பக்கமா தள்ளிக்கிட்டே போகும். ராத்திரியில ஹெட்லைட் மரக்கிளையைக் காட்டும், எதிர்ல வர்றவன் திட்டுவான். இது மூணும் சேர்ந்து இருந்தா ஷாக்தான், சந்தேகமே வேண்டாம்.

வாங்குறதுக்கு முன்னாடியே அளந்து பாருங்க. ஒரு டேப்பும் மூணு பேரும் போதும். ரெண்டு பேர் பின்பக்கத்தைத் தூக்கி, டயர் தரையை விட்டு எழும்பும்போது பின் அச்சுல இருந்து நேர் மேல ஒரு நிலையான இடத்துக்கு (கேரியர் போல்ட்டு நல்ல இடம்) அளந்து எழுதிக்குங்க. அப்புறம் நீங்க, சம்சாரம், பைகள் எல்லாம் ஏறி, ரெண்டு தடவை குதிச்சு அமுக்கி விட்டு, அதே இடத்தை அளங்க. ரெண்டுக்கும் வித்தியாசம்தான் சேக். பின் சக்கரம் மேலயும் கீழயும் போற மொத்த ஓட்டத்துல மூணுல ஒரு பங்கு வரைக்கும் இருக்கலாம். ஹிமாலயன் 411க்கு பின் ஓட்டம் 180 மி.மீ, அப்ப 54 முதல் 60க்குள்ள வந்தா நல்லது. அதுக்கு மேல போனா சி ஸ்பேனர் போட்டு ப்ரீலோடை (ஷாக் ஸ்பிரிங்கை முன்கூட்டியே நெருக்கி வைக்கிற அளவு) ஏத்துங்க. ஏத்தும்போது வண்டி சென்டர் ஸ்டாண்டுல இருக்கட்டும், பாரத்தோட திருகினா காலர்ல இருக்கிற வெட்டு மழுங்கிடும்.

பழைய வண்டிங்கறதால இன்னொன்னு: கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புற கழுத்துல இருக்கிற பேரிங். சென்டர் ஸ்டாண்டுல போட்டு, ஒருத்தர் பின்னாடி அமுக்கினா முன் சக்கரம் எழும்பும். ஹேண்டிலை ரெண்டு விரலால மெதுவா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு விடுங்க. நட்ட நடுவுல ஒரு சின்னக் குழியில விழுந்த மாதிரி பிடிச்சு நின்னா, பேரிங்ல குண்டு பதிஞ்சு போச்சு. அந்த வண்டி நேர் ரோட்டுல ஒரு மாதிரி நீந்தும், கொண்டை ஊசியில ரெண்டு தவணையா திரும்பும். இறுக்கி விட்டா சரியாகாது, செட்டையே மாத்தணும். அந்தக் கூலியையும் விலையில கழிச்சுப் பேசுங்க.

கம்பம்_வடக்கு

நன்றிண்ணே. ஹிமாலயன் வச்சிருக்கிறவர் அளக்க விட்டார். தூக்கினப்ப 612 மி.மீ, ரெண்டு பேரும் 12 கிலோ பையும் ஏறினப்ப 530. ப்ரீலோடு ஏத்தின பிறகு 546. கோன் செட் நடுவுல பிடிக்கலை. இது போதுமா?

கூட ஒன்னு: முன் ஸ்பிராக்கெட்டை ஒரு பல்லு குறைச்சா துள்ளும்னு ஒருத்தர் சொல்றார்.

ஸ்பேனர்_தேனி

612ல 530 போனா 82. அதான் "பொதி சுமக்கும்"னு பேர் வந்த கதை. இப்ப 66, அதாவது ஓட்டத்துல 37 சதவீதம். ரெண்டு பேருக்கு ஓட்டிக்கலாம், ஆனா எல்லைக்கோட்டுல நிக்குது. இறங்கி, வண்டியை மட்டும் நிறுத்தி இன்னொரு தடவை அளங்க. தன் எடைக்கே 10 மி.மீயாவது அமுங்கணும். அமுங்காம விறைச்சுக்கிட்டு நின்னா ஸ்பிரிங் மெலிசுன்னு அர்த்தம். கேட்க முரணா இருக்கும்: மெலிசு ஸ்பிரிங்கை ப்ரீலோடால நெருக்கி நெருக்கி ஆள் பாரத்துக்குச் சரி பண்ணினா, ஆள் இல்லாதப்ப அது அசையாது. அப்ப கனமான ஸ்பிரிங்தான் வழி. தனியா போடிமெட்டு போற அன்னைக்கு ப்ரீலோடைத் திரும்ப இறக்க மறந்துடாதீங்க, இல்லைன்னா பின்பக்கம் கட்டை வண்டி மாதிரி குதிக்கும்.

ஸ்பிராக்கெட்டு 15ல இருந்து 14 ஆக்கினா அதே வேகத்துக்கு ஆர்பிஎம் 7 சதவீதம் கூடும். 5000ல ஓடினது 5360. 250 சிசிக்கு மலையில பிரயோஜனம் உண்டு. 411க்கு அவசியமே இல்லை, கீழ் ஆர்பிஎம் இழுவை ஏற்கெனவே இருக்கு, தேனி-மதுரை ரோட்டுல அதிர்வுதான் கூடும். அந்தக் காசுக்கு டயர் மாத்துங்க. நடுவுல தட்டையா தேஞ்ச பின் டயர்தான் சாய்க்கும்போது ஒரு விளிம்புல ஏறி விழுற மாதிரி தோணவைக்கும்.

காத்து: செயின் கவர்லயோ ஸ்விங் ஆர்ம்லயோ ஒட்டியிருக்கிற அளவுதான், வண்டி குளிர்ந்திருக்கும்போது. தனி ஆளுக்கு ஒன்னு, ரெண்டு பேருக்கு ஒன்னுன்னு போட்டிருக்கும். பெட்ரோல் பங்க் வரைக்கும் ஓட்டிக்கிட்டே போய் அடிச்சா சூட்டுக்கு மூணு நாலு பிஎஸ்ஐ கூடக் காட்டும், அதை நம்பி இறக்கிடாதீங்க.

லோயர்கேம்ப்

வண்டியைப் பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, மலையைப் பத்தி யாரும் சொல்லலை.

ஏறும்போது இடது கொண்டை ஊசியில உள் ஓரம்தான் செங்குத்து. அங்க ஒட்டிப் போனா எஞ்சின் திணறும், அரை கிளட்ச்ல நிப்பீங்க, பின் சீட்டு ஆளோட கனமான வண்டி அங்கதான் சாயும். உங்க பாதியோட நடுவுல இருந்து நுழைங்க, வளைவு முழுசா தெரியும்போது உள்ளே வாங்க. முதல் கியரா ரெண்டாவதாங்கறதை வளைவுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும், உள்ளே போய் மாத்தக் கூடாது. பின் பிரேக்கை லேசா தேச்சுக்கிட்டே ஆக்ஸிலரேட்டர் குடுத்தா வண்டி விறைப்பா நிக்கும், செயின் உதறாது.

உங்களுக்கு வலது வளைவுன்னா, கீழ வர்ற பஸ்ஸுக்கு அது இடது, உள் வளைவு. உங்க பாதைக்குள்ள மூக்கை நீட்டாம அதால திரும்பவே முடியாது. ஏறுறவருக்குத்தான் முன்னுரிமை, சட்டம் அப்படித்தான். இருந்தாலும் பஸ் தெரிஞ்சா வளைவுக்குக் கீழயே நின்னுடுங்க. பாதி வளைவுல நின்னு ஸ்டார்ட் பண்றதுதான் கஷ்டம்.

ஏலத்தோட்டத்து ஜீப்புகளை மறந்துடாதீங்க. விடியக்காலையில ஆள் ஏத்திக்கிட்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மூணு பக்கமும் ஏறும், சாயங்காலம் இறங்கும். நேரம் பிடிக்கிற அவசரத்துல வளைவை வெட்டி வரும். ஞாயித்துக்கிழமை சவாரிக்கு அந்த ரெண்டு வேளையையும் விட்டுட்டுக் கிளம்பினா ரோடு உங்களுக்கு.

குட்டிக்கானத்துல இருந்து முண்டக்கயம் இறங்குறது நீளம். என்ன கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க. பிரேக்கைத் தேச்சுக்கிட்டே வராம, பிடிச்சா உறுதியா பிடிச்சு விடுங்க, டிஸ்க் ஆறட்டும். பழைய வண்டின்னா பிரேக் ஆயிலை வாங்கின அன்னைக்கே மாத்திடுங்க. டாட் 4 புதுசா இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழ கொதிக்காது. ஈரம் உறிஞ்சிப் பழசானதுக்கு அந்த எல்லை 155 தான். கொதிச்சா லீவர் ஸ்பாஞ்சு மாதிரி ஹேண்டில் வரைக்கும் வரும், பிடிக்காது. மழை இருக்கோ இல்லையோ ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்.

ஏலக்காடு

பெட்டி மாட்டுறதா இருந்தா பக்கப் பைதான். டாப் பாக்ஸ் பின் அச்சுக்குப் பின்னாடி தொங்கும், அதுல பத்து கிலோ வச்சா ஸ்பேனர் அண்ணன் சரி பண்ணினது மொத்தமும் போச்சு. ரெயின் கோட்டு, ஹெல்மெட்டு மாதிரி லேசானதுக்கு மட்டும் அது. டூல்ஸ், தண்ணி எல்லாம் பக்கப் பையில அடியில, முன்னாடி தள்ளி. இடதும் வலதும் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ வித்தியாசத்துக்குள்ள. ஆடி மாசம் ஆண்டிப்பட்டி பக்கம் காத்தாடி சுத்துற வேகத்துல பக்கக் காத்து அடிக்கும்போது டாப் பாக்ஸ் வண்டி வாலை ஆட்டும்.

கம்பம்_வடக்கு

வண்டியை மட்டும் அளந்தேன், 14 மி.மீ அமுங்குது. அப்ப ஸ்பிரிங் தாங்கும்தானே? செயின் மட்டும் விறைப்பா இருக்கிற மாதிரி தெரியுது.

ஸ்பேனர்_தேனி

தாங்கும், ஸ்பிரிங்கைத் தொடாதீங்க. செயினை கீழ் ஓட்டத்துக்கு நட்ட நடுவுல விரலால மேலயும் கீழயும் தள்ளி அளங்க. சக்கரத்தைச் சுத்திச் சுத்தி, எங்க ரொம்ப விறைப்போ அந்த இடத்துல. சாதாரணமா 25 முதல் 30 மி.மீ ஆட்டம் இருக்கணும், மேனுவல்ல வேற போட்டிருந்தா அதுதான். பாரம் ஏறி ஷாக் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும், அதனால விறைப்பா வைக்கிறதை விட ரெண்டு மி.மீ தளர்வா இருக்கிறது மேல். ஒரு இடத்துல விறைச்சு இன்னொரு இடத்துல தொளதொளன்னு இருந்தா கண்ணி சிக்கியிருக்கு. மண்ணெண்ணெயில கழுவி, 90 கியர் ஆயில் விட்டும் அது மாறலைன்னா செயினும் ஸ்பிராக்கெட்டும் செட்டா மாத்தணும். அதையும் விலையில கழிங்க.