அவெனிதா தெ மாயோவில் நின்ற வரிசை

பணி நிமித்தமாக அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது, நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்து மூதாட்டி ஒருவர், ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்த 1979 செப்டம்பரில் தம் தாயாருடன் அவெனிதா தெ மாயோ சாலையில் வரிசையில் நின்றதைப் பற்றிச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 19. இரண்டாண்டுகளுக்கு முன் நள்ளிரவில் இழுத்துச் செல்லப்பட்ட அண்ணனைப் பற்றிக் கேட்டு, காவல் நிலையம், படைமுகாம், தேவாலயம் என்று ஏறி இறங்கியும் எங்கும் பதில் இல்லை. வட, தென் அமெரிக்க நாடுகளின் கூட்டமைப்புக்குரிய மனித உரிமை ஆணையம் 6ஆம் தேதி முதல் இரண்டு வாரம் நேரில் வந்து புகார்களைப் பதிவு செய்யும் என்று கேள்விப்பட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

ஆணையம் வந்த மறுநாளே டோக்கியோவில் மரடோனாவின் இளையோர் அணி சோவியத் அணியை 3-1 என்று வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. கொண்டாடுபவர்கள் அந்தச் சாலைக்கே போகட்டும் என்று வானொலி வர்ணனையாளர் ஒருவர் தூண்டிவிட, கொடியும் கூச்சலுமாக வந்தவர்களில் சிலர் வரிசையில் நின்ற பெண்களைக் கேலி செய்தார்களாம். கார்களில் ஒட்டுவதற்கு ராணுவ அரசு பரப்பிய வாசகத்தையும் அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். 'தெரேச்சோஸ் உமானோஸ்' என்றால் மனித உரிமை. நடுவே 'இ' என்ற ஓரெழுத்தைச் செருகி, அர்ஜென்டினியர்களாகிய நாங்கள் நேர்மையும் மனிதத்தன்மையும் உள்ளவர்கள் என்று பொருளையே புரட்டிவிட்டார்கள். அதே சமயத்தில் ரகசியச் சிறையாக்கப்பட்டிருந்த கடற்படை இயந்திரவியல் பள்ளியில் அடைத்திருந்த கைதிகள், ஆணையத்தின் கண்ணில் படாதபடி தீக்ரே பகுதியின் ஆற்றுத் தீவொன்றுக்குக் கடத்தப்பட்டிருந்தனர்.

ஆணையம் பெற்ற புகார்கள் 5,580. ஆட்களைக் கொன்றதும் காணாமற்போகச் செய்ததும் அரசின் ஆட்களே என்று 1980இல் வெளியான அதன் அறிக்கை எழுத்தில் சொன்னது; அர்ஜென்டினாவுக்குள் அது மறைவாகத்தான் கைமாறியது. வல்லரசுகளின் கணக்கோ வேறு: தனக்கு அமெரிக்கா தானியம் தர மறுத்த அதே ஆண்டில் சோவியத் யூனியன் இந்த ராணுவ அரசிடம் தானியம் வாங்கியது, ஐ.நா. மன்றங்களில் அதைக் காப்பாற்றவும் செய்தது. கம்யூனிசத்தை ஒழிக்கப் புறப்பட்ட தளபதிகளுக்கு இதில் கூச்சம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

அண்ணனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை என்றார் மூதாட்டி. வரிசையில் அவர்களுக்கு முன்னால் நின்றவர் இரண்டு தெரு தள்ளி வசித்தவர். மகளை அதே வாரத்தில் பறிகொடுத்தவர். ஒரே கடையில் ரொட்டி வாங்கியும் இரண்டாண்டுகள் வாய் திறக்காமலிருந்த அந்த இரு தாய்மாரும், அன்று மாலை ஒரே பேருந்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வீடு திரும்பினார்களாம்.